பூபதிராஜாவின் பார்வை

பூமியில் இதுவரை பிறந்த எந்த நாயும் பூபதிராஜாவின் பார்வையைத் தாங்கியதில்லை. இனிப் பிறக்கப் போகும் நாய்களும் தாங்காது. இதைச் சொன்னவர் பூபதிராஜாவேதான். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில், 'கமாண்டோ நாய்ப் பயிற்சி மையம்' என்ற பலகைக்குக் கீழே நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். கேட்டவர்களும் சிரிக்கவில்லை. அவர் போட்டிருந்த ராணுவ பேண்ட்டுக்கு அவ்வளவு மரியாதை.

அவருடைய முறை மிகவும் எளிது. நெஞ்சை நிமிர்த்தி நாய்க்கு நேர் எதிரே நிற்க வேண்டும். இமைக்காமல் அதன் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனிதன் ஜெயித்தான். அவரிடம் வந்த நாய்கள் எல்லாமே திருப்பிக்கொண்டன. அவற்றில் பெரும்பாலானவை பால்குடி மறக்காத குட்டிகள் என்பதையும், ஒரு லாப்ரடாருக்குக் கண்புரை இருந்தது என்பதையும் யோசித்துப் பார்க்கும் அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

அப்புசாமியின் தென்னந்தோப்புக்கு அவரை அழைத்தது துரைக்காக. துரை என்பது ராட்வைலர். தேங்காய்த் திருடர்களுக்காக வாங்கியது. திருடன் எவனும் இன்றுவரை கடிபடவில்லை. கள் இறக்க வந்த சந்தனத்தின் கெண்டைக்கால்தான் கடிபட்டது. சந்தனம் வேலையை விட்டார். அடுத்து வந்த பிஜு, நாயைக் கட்டிப்போட்டால்தான் மரம் ஏறுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். நாள் தவறாமல் பாளை சீவாவிட்டால் கள் சுரப்பது நின்றுவிடும். அதனால் அப்புசாமி பிஜுவிடமும் நாயிடமும் ஒரே பணிவோடு நடந்துகொண்டார்.

முதல் நாள் துரையைக் கூண்டிலிருந்து வெளியே கொண்டுவந்தவள் அப்புசாமியின் மருமகள் ஜீவிதா. பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுபவள். புது ஆளைக் கண்டதும் துரை உறுமியது. ஜீவிதா அதை அதட்டவில்லை. பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகக் குந்தி, பஸ் வருகிறதா என்று பார்ப்பவளைப் போல எங்கோ பார்த்தபடி வாய் நிறையக் கொட்டாவி விட்டாள். பிறகு இன்னொன்று. துரையின் உறுமல் தேய்ந்தது. வந்து அவள் முழங்கையை முகர்ந்தது.

பூபதிராஜா அதற்குள் செல்போனில் படம் பிடித்து முடித்திருந்தார்.

"ஏனுங்க, நாயைப் பழக்கறீங்களா, தாலாட்டித் தூங்க வெக்கறீங்களா?"

ஜீவிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பயந்துக்கிச்சுன்னா அது கொட்டாவி உடுதுங்க. எனக்கும் பயந்தானுங்க, நானும் உடறேன். அதுக்கப்பறம் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் தேவலையாட்ட இருக்குது."

அன்று மாலையே காணொளி வெளியானது. கொட்டாவி தூக்கத்தின் அடையாளம் என்றும், நாய் முன்னால் கொட்டாவி விடும் மனிதனைக் கூட்டத்தின் கடைசி ஆளாக நாய் குறித்து வைத்துக்கொள்ளும் என்றும், அப்படிப்பட்டவர்கள் நாய்க்குப் பதிலாகத் தலையணை வளர்க்கலாம் என்றும் பூபதிராஜா அதில் விளக்கினார். நடுநடுவே ஜீவிதாவின் கொட்டாவி, மெதுவான வேகத்தில், பின்னணி இசையோடு வந்தது. ஜவுளிக்கடை முழுவதும் பார்த்தது. அதன் பிறகு அவள் இருமுவதற்கு வாய் திறந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தார்கள்.

அதே வாரம் ஒரு காலையில் அப்புசாமி போன் செய்தார். எப்போதும் தோப்பு முழுக்கக் கேட்கும் குரல் அன்று கிசுகிசுத்தது.

"தம்பி, வெரசா வாங்க. சங்கிலிய அத்துட்டுது. பிஜு மரத்து மேல இருக்கறான்."

ஜீவிதா காலை பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போய்விட்டிருந்தாள். கடைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

பூபதிராஜா போய்ச் சேர்ந்தபோது அப்புசாமி மோட்டார் ரூம் கூரையின் மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் அங்கே எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியவில்லை. நட்ட நடுத் தோப்பில், ஓர் உயரமான தென்னையின் அடியில் துரை நின்றது. தலைக்கு மேலே பிஜு இருந்தான். கால் கயிற்றில் பாதங்களை முட்டுக்கொடுத்து மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தான். அவன் கால்கள் நடுங்குவது வேலியிலிருந்தே தெரிந்தது. ஏறி ரொம்ப நேரம் ஆகிவிட்டது, இனி அதிக நேரம் தாங்காது, விழுந்தால் நாயின் மேல்தான் விழுவேன் என்று அவன் மேலிருந்து சொன்னான்.

பூபதிராஜா கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போய், நாய் சாலைக்கு ஓடிவிடாமல் இருக்க அதைச் சாத்திக் கொக்கியும் போட்டார். பயிற்சியாளருக்குரிய நடையில் நடந்தார். நாயிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். பார்த்தார்.

துரை முகத்தைத் திருப்பியது. மூக்கை நாக்கால் நக்கியது. பிறகு, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது.

"தூக்கம் வந்துருச்சுங்க. அடங்குது" என்று பூபதிராஜா கூரைக்கும் மரத்துக்கும் பொதுவாக அறிவித்துவிட்டு ஓரடி முன்னால் வைத்தார்.

துரை அசைவதை நிறுத்தியது.

அதுவரை மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் மூடியது. வால் கட்டை போல நின்றது. கழுத்து திரும்பவில்லை, கண் மட்டும் அவர் பக்கம் வந்தது. கருமணியைச் சுற்றி வெள்ளை ஒரு கீற்றாகத் தெரிந்தது. இப்படி ஓர் அசைவின்மையை அவர் எந்தக் குட்டியிடமும் பார்த்ததில்லை. தோப்பில் காற்று இருந்தது, ஓலைகள் ஆடின. நாய் மட்டும் ஆடவில்லை. பிறகுதான் அந்த உறுமல் வந்தது. காதில் கேட்பதற்கு முன் அது உள்ளங்காலில் கேட்டது.

பார்வையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எடுத்தால் நாய் ஜெயித்துவிடும், ஜெயித்த நாய் பாயும். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. இதற்காகவே தனியாக ஒரு காணொளி போட்டிருந்தார். இப்போது அந்தக் கண்டுபிடிப்புக்குள் அவரையே வைத்துப் பூட்டியது போல இருந்தது.

"கண்ணப் பாருங்க தம்பி" என்று கூரையிலிருந்து அப்புசாமி தைரியம் சொன்னார். "கண்ண உட்டுறாதீங்க. அன்னிக்கு நீங்க சொன்னீங்கல்ல."

அவர் விடவில்லை. துரை வந்தது.

அது ஓடி வந்ததை அவர் பார்க்கவில்லை. அங்கே இருந்தது, பிறகு இங்கே இருந்தது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பற்கள் மோதும் சத்தம் கேட்டது. தோலில் பட்டது பல் அல்ல, சூடான மூச்சு. பின்னால் நகர்ந்தவரின் முதுகு வேறொரு தென்னையில் இடித்தது. இனி நகர இடமில்லை. நாய் ஒரு கை தூரத்தில், உதடு சுருண்டு, ஈறு தெரிய நின்றது. அவர் பேண்ட்டுக்குள் ஏதோ ஈரமாக இறங்கியது. வேர்வை என்று நினைத்துக்கொள்ள முயன்றார்.

மேலே பிஜுவின் பிடி ஒரு முறை வழுக்கியது. கள் இறக்கும் மண்முட்டி கீழே விழுந்து உடைந்தது. துரை துள்ளி, இன்னும் நெருங்கி நின்றது. அதன் மீசை மயிர் அவர் கையில் பட்டது.

"அண்ணே" என்றான் பிஜு. குரல் அழுவது போல இருந்தது. "எனிக்கு இனி பத்தில்ல, முடியில்ல. காலு விடுது."

அப்போதுதான் பூபதிராஜா நாயின் முன்னங்காலைக் கவனித்தார். நடுங்கிக்கொண்டிருந்தது. பிஜுவின் கால் நடுங்குவது போல. தன் கால் நடுங்குவது போல.

கண்ணை எடுப்பதற்குக் கழுத்து உடன்படவில்லை. மெதுவாக, துருப்பிடித்த குழாயைத் திருப்புவது போல முகத்தைத் திருப்பினார். காய்ந்து கிடந்த ஒரு மட்டையைப் பார்த்தார். நாய் இருந்த பக்கத்துக் கன்னம் முழுவதும் கடிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கடி வரவில்லை. தோளைத் திருப்பினார். முதுகை மரத்தோடு உரசிக்கொண்டே இறங்கிக் குந்தினார்.

வாயைத் திறந்தார். முதல் தடவை பல் கிட்டிக்கொண்டு வெறும் சத்தம்தான் வந்தது. இரண்டாவது தடவை உண்மையிலேயே வந்தது. தாடை கடகடத்து, கண்ணில் நீர் முட்டி, காது அடைத்துக்கொண்டது. காது திறந்தபோது உறுமல் இல்லை. பக்கத்தில் நாக்கு மூக்கை நக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கீச்சென்று ஒரு சின்ன முனகலோடு, துரை கொட்டாவி விட்டது.

அவர் அதைப் பார்க்கவில்லை. மட்டையையே பார்த்தார். நாய் மண்ணை முகர்ந்தபடி விலகிப் போனது. உடைந்த முட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அவருக்கு முதுகு காட்டிப் படுத்தது. எதிர் மரத்தில் கயிறு உரசும் சத்தம் கீழ்நோக்கி வரத் தொடங்கியது.

கூரையிலிருந்து அப்புசாமி என்னவோ கேட்டார். பிஜுவின் பாதம் மண்ணைத் தொட்டது. அவன் வெளியே போனதும் கம்பிக் கதவின் கொக்கி விழுந்தது. அதற்குப் பிறகும் பூபதிராஜா குந்தியபடியே, யாரையும் பார்க்காமல், ஒன்று முடிந்ததும் அடுத்த கொட்டாவியைப் பொறுமையாக விட்டுக்கொண்டிருந்தார்.