தானாகப் பூக்கிற சாதி

இலை நுனிகள் கருகியிருப்பதைத் தியாகராஜா அன்று காலையில்தான் கண்டார். நேற்றுவரை லேசான மஞ்சள். இன்று யாரோ நெருப்புக்குச்சி வைத்துச் சுட்டதுபோல இருந்தது. இலைகள் கோழிக்கால் விரல்கள் மாதிரிக் கீழ்நோக்கி வளைந்து நின்றன. ஒன்றைக் கிள்ளித் தேய்த்தார். நொறுங்கி உதிர்ந்தது.

நிர்மலன் எந்த நேரமும் வந்துவிடுவான். இன்று சைன் வைக்கிற நாள்.

அகதி வழக்கு முடியாதவர்கள் கிழமைக்கு ஒருமுறை லண்டன் பிரிட்ஜ் அலுவலகத்துக்குப் போய், ஹோம் ஆபிஸ் தந்த அட்டையைக் காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். போகாவிட்டால் ஆள் ஒளித்துவிட்டான் என்று எழுதிவிடுவார்கள். பிறகு பிடிபட்டால் தடுப்பு முகாம், அங்கிருந்து நேராகக் கொழும்புப் பிளேன். தியாகராஜாவின் அட்டை நிர்மலனின் ஜாக்கெட் உள்பையில் இருந்தது. சைன் நாளில் மட்டும் வெளியே வரும். தன் வேனில் ஏற்றிப்போய், கையெழுத்து முடிந்ததும் நிர்மலன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வான். இந்தப் பயிரை வெட்டுகிற அன்றைக்கு அட்டையைக் கையில் தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடி அது. ஜன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடித்திருந்தது. இரண்டு அறையிலும் கஞ்சாச் செடிகள், மேலே வெள்ளை லைட்டுகள், ஓயாத காற்றாடிச் சத்தம். சமையலறையில் ஒரு மெத்தை, அதில் தியாகராஜா. கட்டிட வேலையில் கல் சுமந்துகொண்டிருந்தவரை, முதுகு பழுதான பிறகு நிர்மலன்தான் இங்கே கொண்டுவந்து விட்டான். கதவைத் திறக்கக் கூடாது, ஜன்னல் பக்கம் நிற்கக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் போதும்.

பின்படியில் காலடி கேட்டது. நிர்மலன் சாவி போட்டு உள்ளே வந்தான். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன். கோவிலில் தேர் இழுக்கிற நாளில் வெள்ளை வேட்டியோடு முன்னால் நின்று சனத்தை ஒதுக்கிவிடுகிறவன். கீழ்வீட்டுக்காரி வேலைக்குப் போன பிறகுதான் இங்கே வருவான். அவள் அவனுடைய கடையில் சாமான் வாங்குகிறவள், முகம் தெரியும்.

"வெளிக்கிடுங்கோ அண்ணை, ட்ரபிக் கூட" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"இதென்ன?"

தியாகராஜா கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

"என்னத்தை ஊத்தினியள்?"

"பச்சைப் போத்தல் உரம்தான் தம்பி."

"எவ்வளவு?"

"நீங்கள் சொன்னதிலை ரெண்டு மடங்கு. பூ வந்திட்டுது. முழங்கால் உயரம்கூட இல்லை, அதுக்குள்ள பூ. பசிச்ச செடிதான் இப்பிடி அவசரப்பட்டுப் பூக்கும் எண்டு…"

"பசியோ? அது உங்களுக்குச் சொன்னதோ?"

நிர்மலன் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. லைட்டின் சூட்டில் நெற்றி வியர்த்தது. ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். மூலை வரிசையில் நின்றான்.

"இதுகளின்ரை தலை எங்க?"

"கிள்ளிப்போட்டன்."

"ஏன்?"

"ஊரிலை புகையிலைக்குப் பூவைக் கிள்ளினாத்தான் இலை தடிக்கும்."

நிர்மலன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "ஐயோ, எங்கட புகையிலைக் கமக்காரன்! ஐசே, இதிலை ஆருக்கு இலை வேணும்? பூவைத்தானே விக்கிறது! நீர் கிள்ளி எறிஞ்சது என்னெண்டு தெரியுமோ?"

இதுவரை 'நீங்கள்' என்றவன் 'நீர்' என்றதைத் தியாகராஜா கவனித்தார்.

"போன முறை லைட்டைக் குறைச்சாப் பிறகுதானே பூ வந்தது. நீங்கள் இன்னும் லைட்டைக் குறைக்கேல்லை. பூக்கிற காலம் இல்லை எண்டு நினைச்சன்."

"அது வேற சாதி. இது ஒல்லாந்திலை இருந்து எடுப்பிச்ச விதை, தானாப் பூக்கிறது. லைட்டைப் பாக்காது, தன்ரை வயசைத்தான் பாக்கும். சின்ன உடம்பு, சின்னச் சாப்பாடு. குட்டியிலை ஒண்டும் குடுக்கக் கூடாது, மண்ணிலை இருக்கிறதே காணும். நாலஞ்சு சோடி இலை வந்தாப் பிறகு கொஞ்சம். பூ முகம் காட்டினவுடனே பச்சையை நிப்பாட்டிப்போட்டுச் சிவப்புப் போத்தல். அதுவும் ஒருக்காச் சாப்பாடு, மற்றமுறை வெறும் தண்ணி. வெட்ட முந்தித் தண்ணி மட்டும். வேற சாதி எண்டா எரிஞ்சாலும் காத்திருந்து திருப்பித் தழைக்கும். இது காத்திருக்காது. தலை போனாப் போனதுதான்."

"இதெல்லாம் எனக்கு இப்பதானே தம்பி சொல்லுறியள்."

"கட்டைச் சாதி, கெதியா முடியும் எண்டு சொன்னனானே! பிறகென்ன, பக்கத்திலை இருந்து சோறு தீத்திவிடவோ?"

தியாகராஜா சுவர்ப்பக்கம் பார்த்தபடி சொன்னார். "சரி. சைனுக்கு நேரமாகுது."

"சைனோ? முதல் இதைக் காப்பாத்தும். ஒவ்வொரு சட்டியிலயும் வெறும் தண்ணியை ஊத்திக் கழுவும், உர உப்பெல்லாம் கீழால போகட்டும். செடி பிழைச்சா அட்டையைப் பற்றிக் கதைப்பம்."

"இண்டைக்குப் போகாட்டி என்னை எழுதிப்போடுவாங்கள்."

"அப்ப கெதியா ஊத்தும்."

குளியலறைக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். முதுகு ஒவ்வொரு வாளிக்கும் கத்தியது. சட்டிக்கு அடியில் மண்ணிறத் தண்ணீர் வடிந்து தட்டுகளில் நிறைந்தது. தட்டைக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும், பிறகு அடுத்த வாளி. நிர்மலன் தானும் ஒரு வாளியைத் தூக்கினான். "தட்டை விடும், பிறகு பாப்பம், ஊத்தும், ஊத்தும்" என்றான். தட்டுகள் வழிந்தன. தரைப்பலகைகளுக்கு இடையில் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. தியாகராஜாவின் செருப்பு சளசளத்தது.

கீழே எதுவோ 'டப்' என்று வெடித்தது. பெண் குரலில் ஒரு அலறல்.

இருவரும் வாளியோடு நின்றார்கள்.

"அவள் வேலைக்குப் போகேல்லையோ?" நிர்மலன் கிசுகிசுத்தான்.

முன்படியில் ஏறி வரும் சத்தம். பிறகு கதவில் உள்ளங்கையால் அடி.

"ஹலோ! மேல யாரு? என் சீலிங்ல தண்ணி கொட்டுது லா! லைட்டு வெடிச்சிருச்சு! தொறங்க!"

மலேசியத் தமிழ். கீழ்வீட்டு நீலவேணிதான்.

நிர்மலன் சமையலறைக்கு ஓடிப் பின்கதவுக் கண்ணாடியால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். பின்படி அவளுடைய சமையலறை ஜன்னலுக்கு முன்னாலேயே இறங்குகிறது. அங்கே அவளுடைய புருஷன் போனைக் காதில் வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் பயர் பிரிகேடுக்கு அடிக்கப் போறேன்! கேக்குதா?"

"அண்ணை" என்றான் நிர்மலன். 'நீர்' போய்விட்டிருந்தது. "நீங்கள் போய் ஒரு கதை சொல்லுங்கோ. பைப் வெடிச்சுப்போச்சு, ஆள் வருகுது எண்டு. என்னைக் கண்டால் அவ்வளவுதான், கோவில், கடை, எல்லாம்."

தியாகராஜா வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். அந்தக் கையை நீட்டினார்.

"அட்டை."

"பிறகு தாறன், முதல்…"

"அட்டையைத் தாரும். இல்லாட்டி நான் இதிலை இருக்கிறன். பயர் பிரிகேட் வரட்டும்."

கதவு மறுபடி அதிர்ந்தது. நிர்மலன் அவருடைய முகத்தைப் பார்த்தான். இவரை இதுவரை இப்படிப் பார்த்ததில்லை போல. உள்பையிலிருந்து அட்டையை எடுத்தான். உடனே விடவில்லை. இரண்டு பேருடைய விரலும் அதில் இருந்தன.

"திரும்பி வருவியள்தானே?"

"விடும் தம்பி."

விட்டான்.

தியாகராஜா மெத்தையிலிருந்த காற்சட்டையை எடுத்து மாட்டினார். அட்டையைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். அறைக்கதவைச் சாத்தி, முன்கதவைத் தன் உடம்பளவுக்குத் திறந்து வெளியே வந்து இழுத்து மூடினார். நீலவேணி இரவு உடுப்போடு, நனைந்த தலையோடு நின்றாள்.

"யாரு அங்கிள் நீங்க? இங்க ஆள் இருக்கறதே தெரியாது. உள்ள என்ன நாத்தம் இது?"

"முதல் கரண்டை நிப்பாட்டுவம், பிள்ளை. மெயின் எங்க இருக்கு?"

கீழே போனார்கள். சீலிங் வீங்கித் தொங்கியது. மண்ணிறத் தண்ணீர் சோபாவில் சொட்டியது. படிக்குக் கீழே இருந்த பெட்டியில் மெயினை இழுத்து அணைத்தார். ஒரு பெரிய சட்டியைக் கேட்டு வாங்கி ஒழுக்குக்கு நேரே வைத்தார். பின்பக்கத்தில் புருஷன் யாருக்கோ ஆங்கிலத்தில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இனிப் பயமில்லை. சுவிட்சைத் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க போறீங்க? மேல யாரு பாத்துக்குவா?"

தியாகராஜா வாசற்படியில் நின்றார். ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது.

"மேல நிர்மலன் நிக்கிறார், பிள்ளை. கடைக்கார நிர்மலன். வீட்டு விசயம் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

அவள் வாயைத் திறந்தபடி மேலே பார்த்தாள்.

தெருவில் குளிர் முகத்தில் அடித்தது. ஜாக்கெட்டை மேலே விட்டுவிட்டு வந்திருந்தார். ஓட முதுகு விடவில்லை. நடந்தார். சத்தம் போட்டுக்கொண்டு வந்த சிவப்பு வண்டிக்குக் கார்கள் ஒதுங்கின. அது சந்தியில் திரும்பும்வரை மதிலோடு ஒட்டி நின்றுவிட்டுப் பஸ் தரிப்புக்குப் போனார்.

அலுவலகத்தில் வரிசை வெளியே வீதிவரைக்கும் நீண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையையும் ஈரச் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதே விலாசமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ" என்றார் தியாகராஜா.

"புது விலாசம்?"

இல்லை என்று தலையாட்டினார். அவள் பேனையை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னாள். அட்டையை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.