சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கையெழுத்து

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வக்கீல் ஜெரால்டின் தொலைபேசியில் அழைத்தாள்.

"கிளோடா, அந்தக் கையெழுத்து இன்னும் வரல."

"வந்துடும்னு மாலக்கி சொன்னாரே."

"மாலக்கி ஜனவரியில இருந்து சொல்லிட்டுதான் இருக்கார். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள என் மேசைக்கு வரலன்னா வங்கிக்காரங்க வீட்டுக் கடனை ரத்து பண்ணிடுவாங்க. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிச்சாச்சு. நாளைக்கு என் அண்ணன் பொண்ணுக்கு சர்ச்சுல புதுநன்மை விழா, கேக் என்கிட்ட இருக்கு, அஞ்சு மணிக்கு நான் பூட்டிட்டுக் கிளம்பியாகணும்."

நான் மருந்துக் கடையின் பின்னறையில் நின்றுகொண்டிருந்தேன். பிரிக்காத இருமல் மருந்துப் பெட்டிகள் காலடியில் கிடந்தன. ஏழு மாதமாக எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடிவதில்லை. பேசும்போது நடக்கிறேன், பல் துலக்கும்போது நடக்கிறேன். கடை முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், "போ" என்று கையை ஆட்டினார். மழைக்கோட் கூட எடுக்காமல் காரில் ஏறினேன்.

மாலக்கியின் வீட்டை நாங்கள் அக்டோபரில் விலை பேசினோம். வாசலில் நின்ற விற்பனைப் பலகையின் மேல் வீட்டுத் தரகர் 'பேசி முடிந்தது' என்று ஒரு பட்டையை ஒட்டினார். எங்கள் நாட்டில் அந்தப் பட்டைக்கு, அதை ஒட்டிய பசைக்கு இருக்கும் மதிப்புதான். ஒப்பந்தத் தாள்கள் கைமாறும்வரை யாரும் யாரையும் விட்டுப் போகலாம். அதற்கு முன்பு இரண்டு வீடுகளில் அப்படித்தான் ஆனது. ஒன்றில் எங்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க ஒருவர் வந்தார். இன்னொன்றில், விற்க வந்த அண்ணன் தம்பிகளே ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இது மூன்றாவது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டையும் அதன் சொந்தக்காரர் விற்கிறார். ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் கணவன் டோனலின் தொழிற்சாலையில் வாரம் மூன்று நாள் வேலையாகக் குறைத்துவிட்டார்கள். வங்கி பழைய சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த ஒப்புதல் இன்றோடு காலாவதி. மறுபடி விண்ணப்பித்தால் சிரிப்பார்கள். எங்கள் மகளின் துணிகள் ஏற்கெனவே பெட்டிகளில் இருந்தன. எந்தப் பெட்டியில் காலுறை என்று தினமும் காலையில் தேடுவோம்.

தடை ஒரு செப்டிக் டேங்க். மாலக்கியின் வீட்டுக் கழிவுநீர், சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் போய், எதிர்ப்பக்கத்து வயலில் இருக்கும் தொட்டியில் விழுகிறது. அந்த வயல் அட்ராக்டா என்ற விதவையுடையது. அவருடைய மாமனாரும் மாலக்கியின் அப்பாவும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து தோண்டிப் புதைத்த தொட்டி அது. எழுதி வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. தொட்டி அங்கேயே இருக்கலாம் என்று அட்ராக்டா ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மாலக்கியைக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "அட, அது ஒரு விஷயமா? போட்டுடுவா."

மாலக்கியின் வீடு, பாயில் என்ற ஊரைத் தாண்டி ஒன்பது மைல். மழை வருவதும் போவதுமாக இருந்தது. துடைப்பானை நிறுத்தினால் கண்ணாடி மறைந்தது, ஓட்டினால் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது. நடுவில் டோனல் அழைத்தான்.

"போயிட்டியா?"

"போயிட்டிருக்கேன்."

"கத்தாத அவர்கிட்ட."

"நான் எப்போ கத்தினேன்?"

"இப்போ."

மாலக்கி வீட்டு முற்றத்தில் ஒரு தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். அறுபதைத் தொட்டவர், கல்யாணம் ஆகாதவர், இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஊருக்குள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு விலை பேசியிருந்தார். எங்கள் பணம் வந்தால்தான் அதுவும் நடக்கும்.

"கிளோடா! மழை விட்டுடும்போல."

"மாலக்கி, அட்ராக்டா கையெழுத்துப் போட்டாங்களா?"

"என் வக்கீல் கடுதாசி அனுப்பியிருக்கார்ல."

"அது தெரியும். நீங்க கேட்டீங்களா?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "கடுதாசி போயிருக்கே" என்றார் மறுபடியும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழு மாதமாக இந்த மனிதர் பன்னிரண்டு அடி அகலச் சாலையைக் கடக்கவே இல்லை. நான் திரும்பி, அவர் கூப்பிடக் கூப்பிட, சாலையைத் தாண்டி அட்ராக்டாவின் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், காதில் நல்ல தோடு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீடு வாங்கப் போற பொண்ணு நீதானா? உள்ள வா. நனைஞ்ச பூனை மாதிரி இருக்க."

"நின்னுட்டே பேசிடறேன். அவசரம்—"

"உக்காரு. டீ குடிக்கிறியா?"

"இல்ல, வேணாம்."

"ஒரு வாய்."

"இல்ல, உண்மையா வேணாம்."

"கெட்டில் ஏற்கெனவே கொதிச்சாச்சு" என்று ஊற்றினார். மூன்றாம் முறை மறுப்பது சண்டைக்குச் சமம் என்று எனக்குத் தெரியாதா? குடித்தேன். மணி மூன்று ஐந்து.

பத்திரம் எங்கே என்று நான் கேட்பதற்குள் அவரே இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசையில் போட்டார்.

"இதுக்குத்தானே வந்த? என் வக்கீல்கிட்ட காட்டிட்டேன். பிப்ரவரியிலயே. ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிட்டார்."

"அப்புறம் ஏன்..."

"முப்பத்தோரு வருஷமா எதிர்வீடு. என் புருஷன் சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் அவன். வீட்டை விக்கப் போறான்னு எனக்கு எப்படித் தெரிஞ்சது தெரியுமா? மாட்டை ஓட்டிட்டு வெளியே வர்றேன், பலகை நிக்குது. மாடே மிரண்டுபோச்சு." அவர் சிரிக்கவில்லை. "சரி, அதையாவது விடு. அப்புறம் வக்கீல் கடுதாசி! எனக்கு! நான் என்ன, அவன் வேலியைத் திருடினவளா?"

எங்கள் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வக்கீல் கடிதம் அனுப்புவது கல்லை விட்டெறிவதுபோல. மாலக்கியின் வக்கீலுக்கும் அது தெரிந்திருக்கும். அட்ராக்டாவிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் மாலக்கி அனுப்பச் சொன்னார் என்று அவர் நம்பியிருப்பார்.

"அவன் வந்து கேட்கட்டும்," என்றார் அட்ராக்டா. "இந்த நாற்காலியில உக்காந்து கேட்கட்டும். கேட்ட அடுத்த நிமிஷம் போடறேன்."

நான் திரும்பி ஓடினேன். மாலக்கி அதே இடத்தில் நின்றிருந்தார்.

"வாங்க. கேட்டா போட்டுடறேன்னு சொல்றாங்க."

"இன்னைக்கேவா?"

"மாலக்கி, நான் இன்னும் அஞ்சு வாரத்துல என் பிள்ளையோட தெருவில நிப்பேன். உங்க முழங்கால் மூணு படி ஏறல. வாங்க."

அவர் உள்ளே போனார். போனவர் எட்டு நிமிடம் வரவில்லை. வந்தபோது சட்டை மாற்றி, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார்.

அதன்பிறகு நடந்ததை டோனலிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. மாலக்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அட்ராக்டா தேநீர் ஊற்றினார். பழரொட்டி வெட்டினார். பிறகு இருவரும் பேச ஆரம்பித்தார்கள், பத்திரத்தைத் தவிர எல்லாவற்றையும்.

"புல் வெட்டிட்டியா?"

"எங்க வெட்டறது? நிலம் சகதி."

"டாலி வீட்டுக்காரன் வெட்டிட்டான்."

"அவன் டிசம்பர்லயும் வெட்டுவான், பைத்தியக்காரன்."

"கில்மோர் பாட்டி அடக்கத்துக்கு நல்ல கூட்டமாம்."

"பாதிப் பேர் சாண்ட்விச்சுக்கு வந்தது."

உறை இருவருக்கும் நடுவில் கிடந்தது. மாலக்கியின் முழங்கை அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் கெட்டுவிடும். நானும் இந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்தவள்தான், கேட்க வேண்டியவர் தானாகக் கேட்கும்வரை அடுத்தவர் நுழையக் கூடாது. மேசைக்கடியில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் மணி மூன்று நாற்பது. மூன்று ஐம்பது. நான் தின்னாத ரொட்டியைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து, ஒரு குவியல் ஆக்கியிருந்தேன்.

மணி நான்கு ஐந்து. வெளியே ஒரு பசு கத்தியது.

"காலையில இருந்து கத்துது" என்றார் அட்ராக்டா. "சினை ஊசி போடறவன் வரணும்."

"கேட்டுச்சு" என்றார் மாலக்கி. பிறகு, அதே குரலில், மேசையைப் பார்த்தபடியே, "பலகை வைக்கறதுக்கு முன்னாடி நான் வந்து சொல்லியிருக்கணும், அட்ராக்டா."

"சொல்லியிருக்கணும்."

"ரெண்டு தடவை கேட் வரைக்கும் வந்தேன்."

"பார்த்தேன். ஜன்னல்ல இருந்து."

"என்ன சொல்றதுன்னு தெரியல."

"போறேன்னு சொல்லியிருக்கலாம்."

அவர் தலையாட்டினார். காது மடல்கள் சிவந்திருந்தன. "அந்தத் தொட்டிக்கு ஒரு கையெழுத்துப் போடுவியா?"

அட்ராக்டா எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது தலையிலேயே இருந்தது. பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, எழுதப் போனவர் நிறுத்தினார்.

"சாட்சி வேணும்னு போட்டிருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். சாட்சியின் கையெழுத்து, முகவரி, தொழில். வாங்குபவள் நான், விற்பவர் அவர். இரண்டு பேரும் சாட்சி நிற்க முடியாது. ஜெரால்டின் சொல்லியிருந்தாள், நான் மறந்திருந்தேன்.

வெளியே ஓடினேன். அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று வண்டி போனால் அதிகம். பக்கத்து வீடு என்பது முக்கால் மைல் தள்ளி. மழையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். நான்கு பதினைந்து. நான்கு இருபது. ஊருக்குப் போக இருபது நிமிடம், அதுவும் முன்னால் டிராக்டர் எதுவும் போகாமல் இருந்தால். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்று தோன்றியதால் நின்றுவிட்டது.

நான்கு இருபத்தாறுக்கு ஒரு வெள்ளை வேன் வளைவில் திரும்பியது. நான் நடுச்சாலையில் போய்க் கையை விரித்தேன். ஓட்டியவர் பிரேக் போட்டு ஜன்னலை இறக்கினார்.

"என்னம்மா, சாகறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா?"

"கையெழுத்துப் போடணும்!"

"நான் இங்க பசுவுக்கு ஊசி போட வந்தேன்."

"அதுக்கு முன்னாடி!"

அவர் பெயர் பெர்க்கல். இறங்கியதும் ஒரு கையில் தோள்வரைக்கும் நீளும் பிளாஸ்டிக் கையுறையை மாட்ட ஆரம்பித்திருந்தவர், அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். அட்ராக்டா அவர் கண்முன் கையெழுத்துப் போட்டார். பெர்க்கல் அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டு, முகவரி எழுதி, தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"வேலை என்னன்னு எழுதட்டும்? என் பொண்டாட்டி வெளியில சொல்லாதேங்கறா."

"உள்ளதை எழுது," என்றார் அட்ராக்டா. "பசுவுக்கே வெட்கமில்ல."

மாலக்கி சிரித்தார். அட்ராக்டாவும் சிரித்தார். பெர்க்கல் எழுதிவிட்டு, பசுவைத் தேடிப் போனார். நான்கு முப்பத்தொன்று.

நான் கையை நீட்டினேன். பத்திரம் மேசைமேல் இருந்தது. அதன்மேல் மாலக்கியின் உள்ளங்கை இருந்தது. மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல முதலில் வைத்தார். எடுக்கவில்லை.

"திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தா என்ன?" என்றார், என்னைப் பார்க்காமல்.

அட்ராக்டா கெட்டிலைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். கொட்டகையில் பெர்க்கல் பசுவை அதட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இத்தனை மாதம் அந்த உறை இழுப்பறையில் ஏன் கிடந்தது என்பதற்கு, கோபத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் எனக்குத் தெரிந்துபோனது. நான் எழுந்து வெளியே போய், அரைமணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தால் போதும். அவர்கள் இதுவரை பேசாததைப் பேசியிருக்கக்கூடும்.

"மாலக்கி, மணி நாலரை தாண்டிடுச்சு" என்றேன்.

"கொடுத்துடு," என்றார் அட்ராக்டா. குரல் சரியாகத்தான் இருந்தது. "பொண்ணு காத்திட்டிருக்கா."

அவர் கையை எடுக்கவில்லை. நான் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகத்தான், ஆனால் இழுத்தேன். அவர் விரல்களுக்குக் கீழிருந்து அது வந்துவிட்டது.

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. ஊருக்கு வெளியே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது. ஒன்றரை மைல் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன், ஹாரன் அடித்தேன், ஓட்டியவன் என்னவோ நண்பனைக் கண்டதுபோலக் கையசைத்தான். ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஜெரால்டினின் படிகளில் ஏறினேன். அவள் கோட் போட்டு, கேக் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தாள். தொழில் என்ற இடத்தில் புருவத்தை உயர்த்தினாள். பிறகு கேக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, தாளை ஸ்கேன் செய்து வங்கிக்கும் மாலக்கியின் வக்கீலுக்கும் அனுப்பி, போனில் இரண்டு நிமிடம் பேசினாள்.

"முடிஞ்சது. ரெண்டு பக்கத்து ஒப்பந்தமும் கைமாறிடுச்சு. இனி யாராலும் பின்வாங்க முடியாது, கிளோடா. உன்னாலயும் முடியாது, அவராலயும் முடியாது. மூணு வாரத்துல சாவி."

"அவராலயும் முடியாதா?"

"முடியாது. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

காரில் வந்து உட்கார்ந்தேன். டோனல் நான்கு முறை அழைத்திருந்தான். ஐந்தாவது முறையும் அழைத்தான். எடுத்து, "கிடைச்சுடுச்சு" என்றேன். அவன் அங்கே கத்தினான், மகளைக் கூப்பிட்டான், அவளும் கத்தினாள். நான் மறுபடி கீழே இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்தபடியே பேசினேன்.