கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டுச் சமையலறையில். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. ஸ்பானிஷ் பேசும் தூர தேசத்து மலையூரான ரியோபாம்பாவில் நான் குடியிருக்கிறேன்; அந்தப் பக்கத்து வீட்டு சோய்லா டீச்சர் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் படித்துக்கொண்டே, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலைமேல் நடக்கும் மருத்துவ முகாமுக்குத் தொண்டு செய்யப் போய்வந்தவள் ஃபெம்கே. ஹாலந்துக்காரி, நாற்பத்தொன்பது வயது. அவள் ஊரில் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. நடந்ததை அவள் ஒருமுறை சொன்னாள். அதே சங்கதியை முகாம் நர்ஸ் தார்ஹேலியா இன்னொரு நாள் சொன்னாள். ஓரிடத்தில் மட்டும் இரண்டும் ஒட்டவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வரிசையாக என் தம்பிக்குக் கடிதத்தில் எழுதினேன். அவன் பதில் போட்டான்: "அக்கா, முடிவைக் காணோமே, ஒரு தாள் தபாலில் விழுந்துவிட்டதா?"

விழவில்லை. எழுதவில்லை. அதனால்தான் இப்போது உங்களிடம் வருகிறேன்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"சிம்பொராசோ சிகரம் பனியைப் போர்த்திக்கொண்டு, யுகயுகமாய்—" நிறுத்திவிட்டேன். அது பாட்டுக்கு நிற்கிறது, அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

"ஃபெம்கே இத்தனை தூரம் வந்ததற்குக் காரணம், அவளுடைய கணவன்—" இதுவும் போயிற்று. அவளுக்குக் கணவன் கிடையாது. தூர தேசம் போகிறவளுக்கு ஒரு சோகம் இருந்தாக வேண்டும் என்று நானாக ஒன்றைக் கட்டிவிடப் பார்த்தேன். அவளையே கேட்டதற்கு, "விடுப்பு நிறையச் சேர்ந்திருந்தது" என்றாள்.

மூன்றாவது: "நீங்கள் குடிப்பீர்களா?"

இது இருக்கட்டும். முகாமில் ஃபெம்கே ஒரு நோயாளியிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஒரு பெரியவருக்கு மருந்துச் சீட்டில் சிரப் எழுதியிருந்தது. தவறாமல் குடிக்கிறாரா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "கார்னிவல் திருவிழாவோட விட்டுட்டேன் தாயி. சத்தியமா. யாரு சொன்னா? என் மருமகளா?" கூடமே சிரித்தது. அன்றிலிருந்து ஃபெம்கே யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது, எடை பார்க்கலாம், உயரம் அளக்கலாம், அவ்வளவுதான் என்று தார்ஹேலியா கறாராகச் சொல்லிவிட்டாள்.

(அவள் பேசியது புத்தக ஸ்பானிஷ். அதனால் இந்தக் கதையில் அவளுக்கு மட்டும் புத்தகத் தமிழ் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள்.)

3

ஊர் பேர் சாக்கிபாம்பா. முகாம் நடப்பது ஊர்ப் பொதுக்கூடத்தில். காலை எட்டுக்கு வண்டி ஏறி வரும், பகல் இரண்டுக்கு இறங்கிவிடும். தவறவிட்டால் இன்னும் பதினைந்து நாள்.

அன்றைக்குப் பார்த்து வாய்க்கால் மிங்கா. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய்த் தூர்வார வேண்டும். நம் குடிமராமத்துதான். வேலை தொடங்கும்போது ஒருமுறை பேர் கூப்பிடுவார்கள், முடிக்கும்போது ஒருமுறை. இரண்டில் எதற்கு ஆள் இல்லாவிட்டாலும் அந்த வீட்டு வயலுக்கு ஒரு மாதம் தண்ணீர் முறை கிடையாது.

த்ரான்சித்தோ என்ற பெண்ணுக்கு முகாமும் மிங்காவும் ஒரே காலையில் வந்தன. புருஷன் கீழே கடற்கரைப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை. வயலில் வெங்காயம் இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது. முதுகில் பதினாலு மாதப் பெண் குழந்தை சீசா, மூன்று நாளாகக் காய்ச்சல். வரிசையில் அவளுக்கு முன்னால் முப்பது பேர்.

வாசலில் தார்ஹேலியா எண் சீட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றாள். த்ரான்சித்தோ அவளைத் தாண்டி உள்ளே வந்து, தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஃபெம்கேயின் கையில் குழந்தையை வைத்தாள்.

"கொஞ்சம் பாத்துக் குடுங்க, தாயி. இதோ வந்துடறேன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டாள்.*

* மலைக்காரர்கள் எதைக் கேட்டாலும் "குடு" சேர்த்துத்தான் கேட்பார்கள். கதவைச் சாத்திக் குடுங்க, மூட்டையைப் பிடிச்சுக் குடுங்க. கிச்சுவா என்ற பழைய மலைமொழி பேசிய வாயிலிருந்து ஸ்பானிஷுக்குள் வந்த பழக்கம் என்கிறாள் சோய்லா. கடற்கரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். வேறு மொழியில் எழுதினால் இதற்கு அரைப் பக்கம் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். உங்களிடம் சும்மா சொல்லிவிட்டுப் போகலாம் என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! "இதோ வந்துடறேன்" என்றால் எவ்வளவு நேரம் என்பதும் உங்களுக்கே தெரியும்.

4

ஃபெம்கேயின் புத்தகத்தில் "குடு" என்றால் கொடு. "பார்த்து" என்றால் பார்த்து. குழந்தையை மருத்துவர் பார்த்து, பிறகு கொடுக்க வேண்டும். இதில் குழப்பம் எங்கே? மேலும், சால்வையை அவிழ்த்தபோது உள்மடிப்பில் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்தது.

எடை பார்த்தாள். காய்ச்சல் முப்பத்தெட்டரைக்கு மேல். குழந்தை இடது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. இருபத்திரண்டு வருஷம் காதுகளோடு பிழைத்தவள் அல்லவா? சாவிக்கொத்தை வலது பக்கம் ஆட்டினாள். சீசா திரும்பினாள். இடது பக்கம் ஆட்டினாள். சீசா அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தார்ஹேலியா அவர்களே, இந்தக் குழந்தைக்கு ஓர் எண் வேண்டும்."

"அம்மா எங்க?"

"சென்றுவிட்டார். பார்த்துக் கொடுக்கச் சொன்னார்."

தார்ஹேலியா சீட்டுக் கட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அட என் சாமி! பாத்துக்கச் சொல்லியிருக்கா. விழாம, அழாம. வைத்தியம் பண்ணச் சொல்லலை. போன தடவை அந்த மனுஷனைக் குடிகாரனாக்கியாச்சு, இந்தத் தடவை என்ன? தூக்கி வச்சுக்கிட்டு ஓரமா உக்காருங்க, அது போதும்."

"இடது காது கேட்கவில்லை."

"சளி பிடிச்சிருக்கும். அம்மா வரட்டும்."

"எப்போது வருவார்?"

தார்ஹேலியா சிரிப்பதை நிறுத்தினாள். இரண்டாவது பேர் கூப்பிட மூன்று மணி ஆனாலும் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "பெத்தவ இல்லாத பிள்ளையைத் தொடக் கூடாதுன்னு விதி இருக்கு. வெள்ளைக்காரி கையில குழந்தையைக் குடுத்து என்னமோ மருந்து ஊத்திட்டாங்கன்னு ஊர்ல ஒரு வாய் கிளம்பினா போதும். டாக்டருக்குப் படிச்சவங்க கட்டாயம் பண்ண வேண்டிய கிராமத்து வருஷம், டாக்டரம்மாவுக்கு அது போச்சு. மறுபடி முதல்லேருந்து."

இதுதான் நிலவரம். குழந்தைக்குக் காது, தாய்க்குத் தண்ணீர், டாக்டருக்கு ஒரு வருஷம். ஃபெம்கேக்கு? விதி தெரிந்த பிறகும் குழந்தையைக் கீழே விட அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அவ்வளவுதான்.

5

இங்கே டாக்டர் வருகிறாள். பேர் கத்தியுஸ்கா, வயது இருபத்தாறு, கடற்கரை ஊர்க்காரி. இவள்மேல்தான் எனக்குச் சந்தேகம். கதைக்குத் தேவையான நேரத்தில் வந்து தேவையானதைச் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. முதல் பிரதியில் இவளுக்கு ஒரு வசனம் எழுதினேன்: "விதிகளைவிட ஓர் உயிரின்—" அடித்துவிட்டேன். கத்தியுஸ்கா அப்படிப் பேசுகிற ஆளில்லை. அந்த நேரத்தில் அவள் வாய் நிறைய அவித்த சோளம் இருந்தது என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

"என்ன சத்தம்?"

தார்ஹேலியா சொன்னாள். ஃபெம்கே சொன்னாள். கத்தியுஸ்கா சோளத்தை விழுங்கினாள். குழந்தையின் காதைப் பார்த்தாள்.

"அவங்க சரியா என்ன வார்த்தை சொன்னாங்க?"

"கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்."

"பாத்துக் குடுக்கச் சொன்னாங்களா? அப்ப பாத்துக் குடுத்துடுவோம்."

"டாக்டரம்மா! அதுக்கு அர்த்தம் அது இல்லைன்னு உங்களுக்கே தெரியும்!"

"எனக்கு எப்படித் தெரியும், தார்ஹேலியா? நான் கடற்கரைக்காரி. உங்க மலை பாஷை எனக்கு என்ன புரியுது?"

(அவள் மலைக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. அன்று காலை வண்டியில் குளிர் அடித்தபோது டிரைவரிடம், "அண்ணே, அந்தக் கண்ணாடியை ஏத்திக் குடுங்க" என்று சொன்னவள் அவள்தான். தார்ஹேலியா பக்கத்து இருக்கையில் இருந்தாள்.)

தார்ஹேலியா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சீட்டுக் கட்டிலிருந்து ஓர் எண்ணைக் கிழித்து ஃபெம்கேயிடம் நீட்டினாள். "முப்பத்தொண்ணு. வரிசையை மீறக் கூடாது. அதையாவது பாத்துக் குடுங்க."

முறை வந்தது. விளக்கு வைத்துப் பார்த்தால் காதுக்குள் சவ்வு சிவந்து, புடைத்து, இன்றோ நாளையோ கிழிந்துவிடும் என்று நின்றது. பதினைந்து நாள் தாங்கியிருக்காது என்றாள் கத்தியுஸ்கா. முதல் வேளை மருந்தை ஃபெம்கேயின் மடியில் வைத்தே புகட்டினார்கள். சீசா பாதியை அவள் ஸ்வெட்டரில் துப்பினாள். மறுபடி கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது.

6

இரண்டு மணி. டிரைவர் ஹாரன் அடித்தார். கத்தியுஸ்காவுக்குப் பேனாவைக் காணோம். மேஜையடியில் தேடினாள், பெட்டியைப் பிரித்துத் தேடினாள், பிரித்ததை மறுபடி அடுக்கினாள். பேனா அவள் காதில்தான் செருகியிருந்தது. அதை யாரும் சொல்லவில்லை, தார்ஹேலியா உட்பட.

இரண்டே முக்காலுக்கு த்ரான்சித்தோ மேட்டிலிருந்து ஓடிவந்தாள். முழங்கால்வரை சேறு. தோளில் மண்வெட்டி, மடியில் மிங்காச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்த உருளைக்கிழங்கும் மொச்சையும். வண்டி நிற்பதைப் பார்த்து அவளும் நின்றாள். ஃபெம்கேயைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த மருந்து பாட்டிலைப் பார்த்தாள்.

"பாத்துக் குடுத்துட்டீங்களா?"

ஏழு நாள் மருந்து, காலைக்குச் சூரியன், மாலைக்கு நிலா என்று படம் போட்ட காகிதத்தை ஃபெம்கே எடுத்தாள்.

"பார்த்தோம். கொடுக்கிறோம்."

த்ரான்சித்தோ முதலில் குழந்தையை வாங்கினாள். பிறகு பாட்டிலை. "கடவுள் உங்களுக்குக் குடுக்கட்டும், தாயி" என்று கிழங்கும் மொச்சையும் ஃபெம்கேயின் மடியில் கொட்டினாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

இரண்டு பேர் சொன்னதும் ஒட்டாமல் போனது இங்கேதான். அவள் அழுதாள் என்கிறாள் ஃபெம்கே. சிரிப்பை அடக்கினாள் என்கிறாள் தார்ஹேலியா.

7

ஆக, முடிவு.

ஒன்று: த்ரான்சித்தோவுக்கு எல்லாம் முன்பே தெரியும். தார்ஹேலியாவிடம் கொடுத்தால் விதி பேசுவாள் என்றுதான் அவளைத் தாண்டிப் போனாள். குடிகாரப் பெரியவர் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளைத் தேடிப் பிடித்துக் குழந்தையைக் கொடுத்தாள். வெறுமனே பார்த்துக்கொள்ள விடுகிறவள் அட்டையை ஏன் வைக்க வேண்டும்?

இன்னொன்று: ஒன்றுமே தெரியாது. சும்மா பார்த்துக்கொள்ளத்தான் விட்டாள். அட்டையை எல்லாத் தாய்மாரும் சால்வை மடிப்பில்தான் வைப்பார்கள், இது தார்ஹேலியா சொன்னது. நிச்சயம் இருந்திருந்தால் அப்படித் தலைதெறிக்க ஓடிவருவாளா?

முதல் முடிவை எழுதினால் ஃபெம்கே கொஞ்சம் ஏமாளி ஆகிறாள். இரண்டாவதை எழுதினால் த்ரான்சித்தோ கொஞ்சம் அப்பாவி ஆகிறாள். எனக்கு இரண்டு பேரையும் பிடித்திருக்கிறது. நான் என்ன செய்ய?

ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். நேரில் போய்க் கேட்டேன். முகாம் நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை சந்தையில் த்ரான்சித்தோ வெங்காயத்தாள் விற்றுக்கொண்டிருந்தாள், நல்ல பச்சை, தண்ணீர் முறை தப்பாத வெங்காயம். சீசா முதுகில். இடது பக்கம் ஒரு மூன்றுசக்கர வண்டி மணி அடித்தது. சீசா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கேள்வியே பாதி மறந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அன்னைக்கு அந்த வெள்ளைக்காரம்மாகிட்ட எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

த்ரான்சித்தோ என்னை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். கூடையை என் பக்கம் தள்ளினாள்.

"இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க, தாயி. இதோ வந்துடறேன்."

போனவள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள். வெங்காயத்துக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். விற்பதா, காவல் இருப்பதா என்று தெரியவில்லை. வெயில் இதமாக இருந்தது. பையில் காகிதம் இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் இதையெல்லாம் எழுதினேன். இந்த வரி வரைக்கும் அவள் வரவில்லை. எனக்கும் எழுந்து ஒரு காப்பி குடித்தால் தேவலை என்றிருக்கிறது.

நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்? இந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள். இதோ வந்துவிடுகிறேன்.