நாற்பதாவது வாய்

சென்னையில் ஓர் இணைய அகராதி ஆண்டுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆண்டின் மனநிலை அதில் தெரிய வேண்டும். அதற்குக் கரிசல்காட்டுச் சொல் பொறுக்கித் தரும் வேலை திருச்சுழிப் பக்கத்து அனுசியாவுக்கு. வேதியியல் படித்தவள். பேசுவதைவிட, பிறர் பேசுவதைக் கேட்டு எழுதுவது அவளுக்குத் தோதாக இருந்தது.

அவள் அனுப்பிய சொல் 'பெறகு'. வங்கி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வரிசை, எங்கே எதைக் கேட்டாலும் இந்த வருடம் அதுதான் பதில். சொன்னவர் பெயர், ஊர், தொழில், வாக்கியம் என்று ஆளுக்கு ஒரு சீட்டு. ஒரே ஆள் நூறு முறை சொன்னாலும் ஒரு சீட்டுதான். நாற்பது வாய் இருந்தால்தான் சொல் போட்டியில் நிற்கும். அவளிடம் சரியாக நாற்பது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

அதற்கு முன்பே, போட்டியில் இருக்கும் சொற்களை சொல்லுக்கொரு வாக்கியத்தோடு இணையத்தில் போட்டார்கள். பெயரையும் போடுவார்கள் என்று அனுசியா நினைக்கவில்லை. 'கொழாய்தானே? பெறகு பாப்போம். சுந்தரபாண்டி, விவசாயி.' கிராம சபையில் அவள் தெருவுக்குக் குழாய் கேட்டபோது அவர் சொன்னது.

கடைசி நாள் காலை சுந்தரபாண்டியின் புல்லட் வாசலில் நின்றது. ஊரில் பாதி நிலம் அவருடையது. அவள் அப்பா மொக்கையன் ஓட்டுவதும் அவருடைய டிராக்டர்தான்.

"ஏலே மொக்கையா, ஒம்மக பெரிய கலெக்டரோ? காரியாபட்டிச் சந்தையில ஒருத்தன் என்னையப் பாத்து, 'பெறகு வாராருப்பா'ங்கிறான்."

"சின்னப்புள்ளைங்கய்யா, தெரியாம..."

"காலேசு முடிச்சது சின்னப்புள்ளையா?"

அனுசியா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க சொன்னதுதான்யா. பதினாலு தடவ சொன்னீக. ஒண்ணுதான் எழுதியிருக்கேன்."

"வாயப் பாரு! எம்பேர இப்ப எடுக்கணும். இல்ல, ஒங்கப்பன் டிராக்டர்ல ஏற முடியாது."

எடுத்தால் முப்பத்தொன்பது. பட்டியலில் மற்றதெல்லாம் சென்னைச் சொற்கள். கரிசல்காட்டிலிருந்து போனது இது ஒன்றுதான்.

"எடுத்துரு தாயி," என்றார் மொக்கையன்.

சுந்தரபாண்டியின் கண்ணெதிரே போனில் அந்தச் சீட்டை அழித்தாள்.

"அப்படி வழிக்கு வா," என்றார் சுந்தரபாண்டி. "ஒங்க தெருவுக்குக் கொழாயும் கெடையாது. மொக்கையா, மேக்காட்ட உழணும், வண்டிய எடு. ஒம்மகள எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்லு. எங்க எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும்."

மொக்கையன் இடுப்பிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்தார். புல்லட் கண்ணாடியில் மாட்டினார்.

"பெறகு பாப்போம்யா."

"என்னலே சொன்ன?"

"பெறகு பாப்போம்னேன்."

சுந்தரபாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். புழுதி அடங்கும்வரை மொக்கையன் அசையவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"சோத்துல மண்ணப் போட்டாச்சு. இப்பச் சந்தோசமா?"

அனுசியா போனில் புதுச் சீட்டைத் திறந்தாள். அப்பாவின் பெயர், ஊர், வாக்கியம் எல்லாம் அடித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"என்ன முழிக்கிற?"

"தொழில் கேக்குதுப்பா."

மொக்கையன் சாவி இல்லாத இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"நேத்து வரைக்கும் டிரைவருனு போடு."

அவர் சொன்னபடியே அடித்து அனுப்பினாள்.