மூன்றாவது சாட்சி

படம் முடிந்து விளக்கைப் போட்டால், கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அறுபது வயது விதவை, அவளைவிடப் பதினைந்து வயது சின்னவனான வேற்றுநாட்டுக் கூலிக்காரன், ஊரே கூடி அவர்களைக் காறித் துப்புகிற கதை. அடடா, என்ன அழுகை! பார்த்துக்கொண்டிருந்த விஜயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் ஒரு பெண் போன மாசம் மீன்காரர் மகனைக் கட்டிக்கொண்டபோது அவளை உரித்துத் தொங்கவிட்டவை இதே வாய்கள்தானே?

விஜயத்தின் அண்ணா சேஷன்தான் பிலிம் சொசைட்டி செயலாளர். மைக் கிடைத்தால் விடுகிற ஆளா! "ப்ரேமத்துக்கு வயசேது, ஜாதியேது? இப்படியொரு ஸ்த்ரீ நம்ம தெருவில இருந்தா, அவ பக்கத்தில மொதல்ல நிக்கப்போறது நானாக்கும், கேட்டேளா!"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

விஜயம் எழுந்தாள். ஐம்பத்துநாலு வயது. புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. ஒரு மாசமாகத் தொண்டையில் நின்றதை இப்போது சொல்லாவிட்டால் வேறு எப்போது சொல்வது?

"அண்ணா, வர வியாழக்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசில நேக்குக் கல்யாணம். சத்தியதாஸ்னு பேர். பழவங்காடி ஹோட்டல்ல தோசை போடறார். மார்த்தாண்டத்துக்காரர், கிறிஸ்தியானி, நாப்பத்தொண்ணு வயசு. நோட்டீஸ் ஒரு மாசமா அங்க போர்டில தொங்கறது, நீங்க யாரும் பாக்கலை. மூணு சாட்சி வேணும். ஹோட்டல்லேர்ந்து ரெண்டு பேர் வரா. மூணாவது நீ வரணும்."

சேஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மைக்கைக் கையால் பொத்தினார். பொத்தியும் என்ன, சபை முழுக்கக் கேட்டது.

"பைத்தியமாடி நோக்கு? இது சினிமாவாக்கும்! எடுத்த விதம், எடிட்டிங், அதைப் பத்தின்னா பேசறோம்!"

"சரியாச் சொன்னேள்" என்றது முன்வரிசை. அழுத கைக்குட்டைகள் மடிக்கப்பட்டுப் பைக்குள் போயின. த்தூ, இதுகளும் மனுஷாளா! ஆனாலும் விஜயத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன் ஒருத்தன் வந்து நிற்பான் என்று நம்பினாளே, அந்த மடத்தனத்தை நினைத்துத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அப்போது கடைசி வரிசையில் சேஷனின் மனைவி மங்கலம் எழுந்தாள். படம் முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்கியவள்.

"மங்கலம், ஒக்காரு!" என்றார் சேஷன்.

அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"விஜயம், சாட்சிக்கு ஆதார் கார்டு எடுத்துண்டு வரணுமோ?"