ராஜேஸ்வரியின் படை

2019 டிசம்பர் 12, வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, சேலத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு படை ஏற்காட்டுக்கு ஏறி வந்தது. ஏறக்குறைய நானூறு பேர். கையில் வேல், தோளில் கேடயம், கடைசியில் இரண்டு பீரங்கிகள். எல்லாருக்கும் ஒரே முகம். ஒரு கொண்டை ஊசி வளைவு வரை நடப்பார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள், யாரோ தன் முறையை ஆடி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல. பிறகு அடுத்த வளைவு. அவர்கள் நின்ற நேரத்தில் பஸ்களும் பால் வண்டியும் முந்திக்கொண்டன. ஆகவே அன்று போக்குவரத்து அதிகம் கெடவில்லை. அடிவாரச் சோதனைச் சாவடியில் பீரங்கிகளை வண்டியாகக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கினார்கள். படையிடம் பிளாஸ்டிக் பை எதுவும் இல்லாததால் மற்றபடி கேள்வி கேட்கவில்லை.

படை ஏரியைச் சுற்றி, ஒண்டிக்கடைச் சந்திப்பு வழியாக வந்து, நவீனின் காட்டேஜ் வாசலில் நின்றது. தளபதி ஓரடி முன்னால் வந்து, "ராணி ராஜேஸ்வரி உங்கள்மீது போர் அறிவித்திருக்கிறார்," என்றார். பல் துலக்கிக்கொண்டிருந்த நவீன் வாயைக் கொப்பளித்துவிட்டு, தெரியும் என்றான்.

ராஜேஸ்வரி என்பது அவன் அக்காவின் பெயர். அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள். அவர்களுடைய அப்பா வேலுசாமி மளிகை வியாபாரத்துக்காகச் சேலத்திலிருந்து மலையேறியவர். காட்டேஜை மகனுக்கும் கடையை மகளுக்கும் கொடுத்தார். மாரமங்கலம் போகும் வழியிலிருந்த மூன்று ஏக்கர் காபித் தோட்டத்தை மட்டும் பிரிக்கவில்லை. ஒரு சுவருக்காகத் தன் அண்ணனோடு இருபது வருடம் வழக்காடியவர் அவர். நடுவில் சுவர் தானாக விழுந்தது, வழக்கு விழவில்லை. ஆகவே உயிலில், தோட்டம் இருவருக்கும் பொது, சண்டையை முதலில் தொடங்குபவருக்கு அதில் பங்கு கிடையாது என்று எழுதச் சொன்னார். இப்படி எழுதுவது வழக்கமில்லைங்க என்றார் வக்கீல் ஹேமலதா. "வழக்கம் இருந்திருந்தா எனக்கு இந்த வயசுல உங்க ஆபீஸ்ல என்ன வேலைங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆடியில் இறந்துபோனார்.

நவீனுக்குத் தோட்டம் முழுவதும் வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு அடிவரை தெரியும். காபிச் செடிகளை எடுத்துவிட்டு எட்டு காட்டேஜ் கட்டலாம். அக்காவோ கணவர் போன பிறகு கடையை வாடகைக்கு விட்டுவிட்டுத் தோட்டத்து வீட்டிலேயே இருந்தாள். அவன் கேட்டபோது, "செடி இருக்கற வரைக்கும் நான் இருக்கறன் கண்ணு. அப்பறம் கட்டிக்க," என்றாள். காபிச் செடி ஐம்பது அறுபது வருடம் இருக்கும்.

பதினோரு மணிக்கு விருந்தினர்கள் அறையைக் காலி செய்தால் அடுத்தவர்கள் வரப் பிற்பகல் ஆகும். அந்த இடைவெளியில் நவீன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒரு விளையாட்டு ஆடுவான். அதில் ஒரு நாடு அவனுடையது. சுற்றியுள்ள நாடுகளைக் கணினியே ஆளும். ஆட்டம் முறை வைத்து நடக்கும், அவன் தன் முறையை முடித்தால்தான் மற்ற நாடுகள் நகரும். சண்டையைத் தொடங்கியவனை மற்ற நாடுகள் வெறுக்கும், அடிபட்டவனுக்கு உதவிக்கு வரும். ஆகவே கெட்டிக்காரன் தொடங்க மாட்டான், தொடங்க வைப்பான். எதிரியின் எல்லையை ஒட்டிப் படையை நிறுத்துவான். ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்பான். எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எடுக்க மாட்டான். எல்லையருகே ஊர் அமைப்பான். வந்த பரிசைத் திருப்பி அனுப்புவான். கணினி ஆளும் அரசருக்குள் எங்கோ ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அது குறையும். ஒரு நாள் போர் அறிவிப்பு வந்துவிடும். நவீனிடம் கடைசிவரை பொறுத்த அரசர் ஒருவரும் கிடையாது. மனிதருக்குள்ளும் அந்த எண் இருக்கும் என்று அவன் நம்பினான். அந்த வருடம் ஆவணியில் புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, பக்கத்து நாட்டு ராணியின் பெயரை ராஜேஸ்வரி என்று மாற்றினான். இன்று ராணியிடம் செய்து பார்ப்பது, நாளை அக்காவிடம் செய்வது.

தோட்டத்து வீட்டு வாசலை மறித்து ஜீப்பை நிறுத்தினான். எல்லையில் படையைப் பார்த்த ராணியின் முகம் முந்தின நாளே திரையில் சுருங்கியிருந்தது. அக்கா, மழை வரும் என்று ஜீப்பின்மேல் தார்ப்பாயைப் போர்த்தி மூலைக்கு ஒரு கல் கட்டினாள். காபி காய வைக்கும் களத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டான். ஆயுத பூஜைக்குள் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்கவில்லை. ராணி தன் படையைத் திரட்டினாள். அக்கா கொட்டகைக்குள் பழம் பறிக்கும் கூடைகளை அடுக்கினாள். தீபாவளிக்கு அவள் கொடுத்தனுப்பிய பலகாரத்தைத் திருப்பி அனுப்பினான். ராணி தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டாள். அக்கா, எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நெய்யில் செய்து மறுபடி அனுப்பினாள்.

கடைசியாக அவன் அக்காவை நீங்க என்று அழைக்கத் தொடங்கினான். அதற்கு விளையாட்டில் வழியில்லை. அவனே கண்டுபிடித்தது. "ஜீப்ப எடுக்க முடியாதுங்க. உங்களுக்கு என்ன வேணுமோ பண்ணிக்கங்க," என்றான். அக்கா கையிலிருந்த கூடையை இறக்கி வைத்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சளி புடிச்சிருக்குதா கண்ணு? கொரல் வேற மாதிரி இருக்குது," என்றாள்.

டிசம்பர் 11 மதியம் ராணியின் படம் திரை முழுவதும் நிறைந்தது. போர் அறிவிக்கும்போது எல்லா அரசரும் ஒரே ஆங்கில வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். நவீனுக்கு அது மனப்பாடம். அன்று அது தமிழில் வந்தது. *இதுக்கு மேல பொறுக்க முடியாது கண்ணு.* அவன் மடிக்கணினியை மூடினான். அன்று வந்த விருந்தினர்களிடம் வாடகை வாங்க மறந்தான். மறுநாள் காலை படை வந்தது.

படையைப் பார்த்த பிறகு அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. ராஜேஸ்வரி என்ற பெயரில் படை வந்திருக்கிறது, ஆகவே சண்டையைத் தொடங்கியது ராஜேஸ்வரி, ஆகவே தோட்டம் தன்னுடையது. ஹேமலதாவுக்குப் போன் செய்தான். அவர் குடையோடு வந்து படையைச் சுற்றிப் பார்த்தார். யார் அனுப்பியது என்று தளபதியிடம் கேட்டார். ராணி ராஜேஸ்வரி. அவர் எங்கே? கோட்டையில். எப்போது தாக்கப்போகிறீர்கள்? தளபதி நவீனைச் சுட்டிக்காட்டினார். "அவர் முறை இன்னும் முடியவில்லை. முடித்தவுடன் தாக்குவோம்."

ஹேமலதா குடையை மடக்கினார். "படை வந்திருக்குதுங்க, சண்டை வரலை. உயில்ல சண்டைன்னுதான் போட்டிருக்குது. அப்படியே வந்தாலும் அந்த ராணி உங்க அக்கா இல்லீங்களே. அவங்களுக்கு இந்தப் பேர வெச்சது யாருங்க?"

நவீனின் கண் வரவேற்பு மேசையில் மூடிக்கிடந்த மடிக்கணினிக்குப் போனது.

"எதுக்கும் அந்தப் பொட்டியத் தொறக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அவன் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் திறக்கவில்லை.

படை அசையாமல் நின்றது. மார்கழி பிறக்கும் சமயம். காலையில் வேல்களின் நுனியிலிருந்து பனி சொட்டியது. விருந்தினர்கள் வீரர்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வார இறுதிக்கு அறைகள் நிறைந்தன. எதிர்வரிசைத் தேநீர்க் கடைக்காரர் ஆண்டனி ராஜ், இவர்கள் எதுவும் வாங்கிச் சாப்பிடுவதில்லை, ஆனால் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று திருப்தியாகச் சொன்னார். நவீன் மட்டும் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பெரிய தூக்குப் போசியில் சுக்குக் காப்பியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதல் வரிசையில் நின்றவனின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்குது. ஏனுங்க, நீங்கதான் இவங்களுக்குப் பெரியவரா? இப்படி வாசல்ல நின்னா எந்தம்பி எப்படிங்க வெளிய வருவான்?"

"அவர் முறை முடியும்வரை நிற்கவேண்டும்," என்றார் தளபதி.

"அவன் பள்ளிக்கூடம் போறப்பவே சட்டை போட அரை நாள் ஆக்குவான். இப்பத்திக்கி முடிக்கமாட்டான். மேல தோட்டத்துல ஆளில்லாம பழம் பூரா உதிருது. சும்மா நிக்கற நேரத்துல வந்து பறிச்சுக் குடுங்க."

"யாருடைய ஆணை?"

"ஆணையென்னங்க ஆணை. ராஜேஸ்வரி கூப்பிட்டான்னு வெச்சுக்கங்க."

நானூறு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். அந்த வருடம் தோட்டத்துப் பழம் மூன்றே நாளில் இறங்கியது. பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் போனார்கள். தலைச்சோலையிலும் செம்மநத்தத்திலும் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சு அந்தப் பருவத்தில் எழவில்லை. வேல்நுனியை வளைத்துக் கிளை இழுக்கும் கொக்கியாக்கிக்கொண்டார்கள். கேடயங்களில் மிளகு காய்ந்தது. பீரங்கி ஒன்றில் மைனாக்கள் குடியேறின. தளபதியை எல்லாரும் மேஸ்திரி என்று அழைத்தார்கள். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மலையில் ஒரு வண்டி ஏறவில்லை. காட்டேஜ் பூட்டிக் கிடந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு வீரன் நவீனின் வாசலில் அரிசியும் காய்களும் வைத்துவிட்டுப் போவான். முதல் இரண்டு வாரம் நவீன் அதைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் எடுத்துச் சமைத்தான். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் தோட்டத்துக் காபியில் சரிபாதி மூட்டைகள் அவனுக்கு வந்துசேர்ந்தன. தோட்டம் இன்னும் பொதுவில்தான் இருந்தது.

தடுப்பூசி முகாமில் சிக்கல் வந்தது. ஒரே முகம் என்பதால் யாருக்குப் போட்டது, யாருக்குப் போடவில்லை என்று தெரியாமல் விரலில் மை வைத்தார்கள். அடுத்த வருடங்களில் அந்தச் சிக்கல் தானே தீர்ந்தது. வெயிலில் நின்றவன் கறுத்தான். சமையலுக்குப் போனவன் தடித்தான். மரத்திலிருந்து விழுந்தவனுக்கு மூக்கு கோணியது. செம்மநத்தத்துச் சிவசக்தியைக் கட்டிக்கொண்டவனுக்குச் சிரிக்கும்போது மாத்திரம் வேறு முகம் வந்தது. மேஸ்திரியின் பேச்சும் மாறியது. ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும், படை வந்த அதே தேதியில், அவர் காட்டேஜுக்கு நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வரவேற்பு மேசையின் முன் நிற்பார். "ஏனுங்க, உங்க முறை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்பார். இன்னும் இல்லைங்க என்பான் நவீன். சரிங்க என்று போய்விடுவார்.

2024 டிசம்பரில் அவர் வரவில்லை.

நவீன் அன்று முழுவதும் வாசலைப் பார்த்தபடி இருந்தான். மறுநாளும் பார்த்தான். அதற்கடுத்த நாள், அறைகளைக் கவனிக்கக் காட்டேஜில் வேலை பார்த்த வசந்திடம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தான். ஐந்து வருடமாக அந்தப் பாதையில் அவன் போனதில்லை. வாசலில் ஜீப் அப்படியே நின்றது, தார்ப்பாய் மட்டும் புதிது. கொட்டகைக்குத் தகரம் மாற்றியிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே பத்திருபது பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் படையோடு வந்தவர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. மேஸ்திரி ஏணியிலிருந்து அவனைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இந்த வருசம் வரலீங்களே," என்றான் நவீன்.

"பறிப்பு நொம்ப சாஸ்திங்க. மறந்தே போயிட்டன். ஏனுங்க, அவசரங்களா?"

இல்லை என்றான் நவீன்.

அக்கா களத்தில் உட்கார்ந்து பழத்திலிருந்து காயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வா கண்ணு என்று சொல்லி ஒரு சாக்கை விரித்துப் போட்டாள், நேற்றுதான் வந்து போனவனுக்குப் போடுவதுபோல. அவன் உட்கார்ந்தான். எதிரில் குவியல் இருந்ததால் கை தானாகப் பிரிக்கத் தொடங்கியது. சிவப்பு ஒருபக்கம், பச்சை ஒருபக்கம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து, பீரங்கியை மறைத்து, பிறகு விட்டது. ஒரு கூடை நிறைந்தது. அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கூடையை இழுத்தாள்.

"ஏக்கா," என்றான். கையிலிருந்த காயைப் பழக் கூடைக்குக் கொண்டுபோனான்.

"காயை இதுல போடாத, அந்தக் கூடையில போடு." அவன் கையிலிருந்ததை வாங்கித் தானே போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அந்த ராஜேஸ்வரிக்குக் கோவம் வந்தப்ப உன்ன என்னன்னு கூப்பிட்டா கண்ணு?"