துரையின் கொடிமுந்திரி

பவுனம்மாளின் கை ராசியான கை. காப்பார் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. கூலிகள் குடியிருந்த லயத்தில் யார் முருங்கைக் கொம்பு ஊன்றினாலும், எந்தக் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டாலும் முதலில் படுவது அவள் கைதான். காதுக்கு ஒரு தோடு வாங்கவும் வழியில்லாதவளுக்கு அந்தப் பெயர்தான் சொத்து. அதன் தலையில்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மண்ணை வாரிப் போட்டான்.

துரைக்கு ஓர் ஆசை. ரப்பரில் சம்பாதித்தது போதாதென்று, பங்களாவுக்குப் பின்னால் கொடிமுந்திரி, அதாவது திராட்சை போட்டுச் சிவப்பு ஒயின் இறக்க வேண்டுமாம். கப்பலில் மூன்று தினுசுக் குச்சிகள் வந்தன. பினோ, ஷிராஸ், கபர்னே. "இவ நட்டா பட்ட மரமும் துளிர்க்கும் தொரை" என்று பெரிய கங்காணி ரெங்கசாமிதான் பவுனம்மாளை ரப்பர் பால்வெட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான்.

குச்சி துளிர்த்தது. துளிர்த்தது என்றா சொல்வது, பேய் பிடித்த மாதிரி ஓடியது. எங்கு பார்த்தாலும் இலை. பூவுக்கு மட்டும் வழியில்லை. துரை சொன்னதை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு தன் யாழ்ப்பாணப் பேச்சில் அவளுக்கு எடுத்துச் சொன்னார்.

"துரையின்ட ஊரில குளிர் வந்தா இலையெல்லாம் கொட்டி, கொடி செத்த மாதிரிக் கிடக்குமாம். அந்த உறக்கம் இருந்தாத்தான் பூக்குமாம்."

"இங்க ஏதுங்கய்யா குளிரு?"

"அதுதான் இலையை உருவச் சொல்லுறார். மொட்டையாக்கினா குளிர்காலம் வந்திட்டுதெண்டு கொடி ஏமாந்து போகுமாம்."

பச்சை இலையை உருவுவதா? வாயில்லாத பயிரை ஏமாற்றுவதும் ஒரு பிழைப்பா? ஆனாலும் உருவினாள். உருவிய இடமெல்லாம் நீர் சொட்டிக் கை பிசுபிசுத்தது. கொடி ஏமாந்து பூத்தும் தொலைத்தது.

பூத்த பிறகுதான் அசிங்கமே ஆரம்பம். பினோ குளிர்ச் சீமைக்காரி. மெல்லிய தோல், நெருக்கிக் கட்டிய குலை. ஒரு மழைக்கே வெடித்து, உள்ளே சாம்பல் பூசணம் மயிராட்டம் முளைத்துவிட்டது. ஷிராஸ் வெயில் தாங்கும் சாதிதான், ஆனால் அதன் வெயில் காய்ந்த வெயில். காப்பார்ப் புழுக்கத்தில் அதன் இலை முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் படை. தடித்தோல் கபர்னே மட்டும் தாக்குப்பிடித்தது. அதிலும் ஒரே குலையில் பிஞ்சு, காய், பழம், அழுகல் எல்லாம் ஒன்றாகத் தொங்கின. பகல் சூட்டில் பழம் இனிக்குமாம், இரவுக் குளிரில்தான் தோல் நன்றாகச் சிவக்குமாம். இங்கே ராத்திரியும் வேர்த்துக் கொட்டுகிறது, தோல் எங்கிருந்து சிவக்கும்? ஈ மொய்த்த அந்தப் புளித்த நாற்றம் எத்தனை சீயக்காய் போட்டாலும் விரலை விட்டுப் போகவில்லை. சோற்றைப் பிசைந்தாலும் அதே நாற்றம்தான்.

துரை அதையும் பிழிந்து, வாய் குறுகிய ஜாடிகளில் ஊற்றி மூடி வைத்தான். சாறு மீன் கழுவின தண்ணீர் நிறத்தில் இருந்தது. துரையிடம் "நாளாக ஆக ரத்தமா செவந்துக்கிட்டு வருது தொரை" என்று அளந்து வைத்திருந்த கங்காணிக்கு, கிள்ளான் பட்டணத்திலிருந்து நாலு துரைமார் விருந்துக்கு வருகிறார்கள் என்றதும் உதறல் எடுத்தது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டுவந்து பவுனம்மாள் முன்னால் வைத்தான்.

"கரைச்சு ஊத்து. ஆரத்தி மாதிரி செவந்துரும்."

"ஆரத்தித் தண்ணிய முச்சந்தியில கொட்டுவாங்க. வாயிலயா ஊத்துவாங்க? என் கையால மாட்டேன்."

"யாரையும் சுத்திப் போட்ட தண்ணியா இது? பெரிய இவ" என்றபடி அவனே கரைத்து ஊற்றினான். கரைசல் செக்கச் செவேலென்றுதான் உள்ளே போனது. ஜாடிக்குள் இருந்த புளிப்பு அந்தச் சுண்ணாம்பைத் தின்று மறுபடி மஞ்சளாக்கிவிடும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

விருந்தன்று கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றியபோது, மஞ்சள் காமாலைக்காரன் மூத்திரம் மாதிரி வந்து நின்றது. அடியில் மஞ்சள் தூள். வந்த துரைமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை முகம் செத்துப்போய், யார் வேலை என்று கேட்டான். கங்காணி கண்ணை இமைக்காமல் பவுனம்மாளைக் காட்டினான். கொடிகளை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். லயத்தில் வேறு பேச்சு பரவியது, அதுவும் கங்காணி வாயிலிருந்துதான்.

"அவ கை பட்டுத்தான் அத்தனையும் அழுகுச்சு. ராசி போயிருச்சு."

அதற்கப்புறம் ஒரு மிளகாய் நாற்றுக்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. எதிரே வந்த பெண்கள் பார்க்காத மாதிரி நடந்தார்கள். ராசியே போனதோ என்று, நாற்றம் பிடித்த தன் விரல்களை அவளே சந்தேகமாகப் பார்த்தாள்.

ஆவணியில் கங்காணி மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தக்காலுக்கு முதல் நாள், வெற்றிலைத் தட்டை மேல்துண்டால் மூடிக்கொண்டு அவன் அவள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றான்.

"விடியறதுக்குள்ள வந்து காலைத் தொட்டு நட்டுட்டுப் போயிரு பவுனு. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

"என் கைதான் அழுகுன கையாச்சே கங்காணி."

"அட, அது ஊருக்குச் சொன்னது. ஒன் கையில கொறை இல்லன்னு எனக்குத் தெரியாதா? எம்மவ நல்லா இருக்கணும்லா."

தெரியுமாம். பல் குத்திக்கொண்டே சொல்கிறான். அந்த அழுகல் குலைகளைத் தொட்டபோதுகூட இப்படி அருவருக்கவில்லை அவளுக்கு. வீட்டுக்குள் போய், வாசல் வழியாக வெளியே வந்து லயத்துப் பெண்களைக் கூப்பிட்டாள்.

"இராஜம்மா, தங்கமணி, எல்லாரும் கொஞ்சம் வாங்க. கங்காணி மக கல்யாணத்துக்குக் கால் நட என்னைக் கூப்பிட வந்திருக்காரு. கொல்லையில நிக்கிறாரு."

கதவுகள் திறந்தன. பெண்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்கள். தட்டும் கையுமாகக் கங்காணி நின்றான். வந்த காரியத்தை இல்லை என்றால் மகளுக்கு அபசகுனம். ஆமென்றால் அவள் கையைப் பற்றி லயத்தில் சொன்னதெல்லாம் பொய்யென்று ஆகும். மேல்துண்டை இழுத்துத் தட்டை இன்னும் மூடினான்.

"ராசி போன கைக்கா தட்டு கொண்டாந்தீங்க?" என்று இராஜம்மா கேட்டாள்.

அவன் தலை கவிழ்ந்து, "அவ கைக்கு ஒண்ணுமில்ல. ஜாடியில மஞ்சத் தண்ணி ஊத்துனது நான்தான்" என்றான். தட்டை நீட்டினான்.

பவுனம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப என் கை நல்லாத்தான் இருக்கு கங்காணி. ஒங்க தட்டுதான் நாறுது."